மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

யானை வந்தது. புல்லட்டின் கால்கள் இரண்டும் முழங்காலோடு போய்விட்டன.

முதலில் சத்தம்தான். கரும்பை முறிப்பது போல இரண்டு முறை கேட்டது. பிறகு எல்லாம் சிவப்பு. எதிரே இருந்த அட்டைக் குவியல் நனைந்தது, இரும்புச் சுவர் நனைந்தது, நீட்டிய கைகள் நனைந்தன. குனிந்து பார்த்தான். வெள்ளையாக எலும்பின் முனை தெரிந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. யானை பின்வாங்கியது. மறுபடி வந்தது. இந்த முறை இடுப்பு.

"போதும் மாமா, கழட்டுங்க," என்றான் புல்லட்.

"இன்னும் முப்பது செகண்ட் இருக்கு. அரைகுறையாச் சாகாதே, முழுசாச் சாவு," என்றார் வாத்தியார்.

முப்பது விநாடி கழித்து அவன் தலையிலிருந்த பெட்டியைக் கழற்றினார். நெற்றியில் பட்டையாக அச்சு விழுந்திருந்தது. கால்கள் இரண்டும் பத்திரமாக இருந்தன. ஆனாலும் புல்லட் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"ரத்தம் இன்னிக்கு ஜாஸ்தி. கலரைக் கூட்டிட்டீங்களா?"

"டாக்டரம்மா உத்தரவு. உன் கோஷ்டிக்கு ரத்தம் உண்டு. கொக்கு கோஷ்டிக்குக் கிடையாது. யாருக்குப் பாடம் மனசுல நிக்குதுன்னு பாக்கறாங்க."

"கொக்குக்கு உடம்புலயே ரத்தம் கிடையாது. சரியாத்தான் பிரிச்சிருக்காங்க."

பழைய அட்டைப் பெட்டிகளை நசுக்கிக் கம்பி போட்டுக் கட்டுகளாக்கும் ஆலை அது. கீழே நீளமான பெல்ட் ஓடும். அட்டைகளை மேலே சுமந்து சென்று ஓர் இரும்புத் தொட்டிக்குள் கொட்டும். தொட்டி நிறைந்ததும் பக்கவாட்டிலிருந்து ஆளுயர இரும்புச் சுவர் ஒன்று நகர்ந்து வந்து, அறுபது டன் கனத்தோடு அத்தனையையும் நசுக்கும். அதற்குத்தான் யானை என்று பெயர். அதை ஓட்ட யாரும் பொத்தானை அமுக்க வேண்டியதில்லை. தொட்டிக்குள் ஒரு விளக்குக்கண் இருக்கிறது. அட்டை விழுந்து அதை மறைத்தால் போதும், யானை கிளம்பிவிடும். ஆள் விழுந்து மறைத்தாலும் அதற்குக் கணக்கு ஒன்றுதான்.

வாத்தியார் பதினாறு வருடம், சிக்கும் அட்டையை எடுத்துவிட, அந்தத் தொட்டியை ஒட்டிய மேடையில் நின்றவர். இடது கையில் இரண்டு விரல்களை யானைக்குக் கொடுத்தவர். இந்த மாயக் கண்ணாடிப் பயிற்சி வந்தபோது, ஆலை முதலாளி அவரை மாடிக்கு அனுப்பினார். ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, ஒரு திரை, தலையில் மாட்டும் பெட்டி ஒன்று. அறையிலிருந்து எந்நேரமும் அலறல் கேட்டதால் கீழே வேலை செய்கிறவர்கள் அதற்குப் பேய் ரூம் என்று பெயர் வைத்தார்கள். ஆராய்ச்சி நடத்திய பெண் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து எண்களை எழுதிக்கொண்டு போவார். படித்து வாங்கிய டாக்டர் பட்டம். இது தெரியாமல் முதல் நாளே நாலு பேர் முதுகுவலிக்கு மருந்து கேட்டார்கள். டாக்டரம்மா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

புல்லட் வாத்தியாரின் மனைவிக்கு ஒரே தம்பி. எதிலும் வேகம். சாப்பாடு, நடை, பேச்சு, கோபம் எல்லாமே வேகம். பெற்றவர்கள் போனபிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அக்காதான். அவன் ஆலையில் சேர்ந்த அன்று அவள் புருஷனுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து சொன்னாள்.

"இந்தக் குடும்பத்துல அந்த மெஷினுக்குக் கொடுத்த ரெண்டு விரல் போதும்ங்க. என் தம்பி முழுசா வீட்டுக்கு வரணும். உங்களை நம்பித்தான் அனுப்பறேன்."

"நான் சொல்லித் தர்றேன். வேற யார்கிட்டயும் விடமாட்டேன்," என்றார் வாத்தியார்.

சொல்லிக்கொடுக்க இருந்த பாடம் சின்னதுதான். தொட்டியில் அட்டை சிக்கிக்கொள்ளும். சிக்கினால் சிவப்புப் பொத்தானை அமுக்கு. மெயின் சுவிட்சை இறக்கு. உன் பூட்டை அதில் மாட்டு. சாவியை உன் சட்டைப்பையில் போடு. அதன் பிறகுதான் கம்பியை எடுத்துக் குத்து. நாலு நிமிட வேலை. அந்த நாலு நிமிடத்தைத்தான் யாரும் செய்வதில்லை. பெல்ட் நின்றால் சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைக் காட்டிக்கொண்டு ஓடிவருவார். அதனால் ஓடுகிற மெஷினிலேயே குனிந்து குத்துவார்கள். அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்பதைத்தான் பெட்டிக்குள் ரத்தத்தோடு காட்டினார்கள்.

முதல் மாதம் பயிற்சிக்கு வந்த பன்னிரண்டு பேரும் மாறி மாறிச் செத்தார்கள். நெட்டையன் கொக்குவுக்குத் தலை போனது. மற்றவர்களுக்குக் கை, கால், முதுகெலும்பு. திரையில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இறுதியில் "இறந்தார்" என்றோ "பிழைத்தார்" என்றோ எழுத்து வரும். முதல் மாதக் கணக்கு பார்த்தால் சுடுகாட்டுப் பதிவேடு மாதிரி இருந்தது. முதலாளி முகம் சுளித்தார்.

"செத்துச் செத்து விளையாடறதுக்கா இவ்வளவு செலவு? அடுத்த மாசமும் இப்படியே இருந்தா ரூமை மூடிட்டு உங்களைக் கீழ அனுப்பிடுவேன் வாத்தியாரே."

கீழே என்றால் மேடை. வாத்தியாருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வாரம்தான் புல்லட் அந்த வித்தையைக் கண்டுபிடித்தான்.

பெட்டியை மாட்டிக்கொண்டவனுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. சுவரில் போய் முட்டிக்கொள்ளாமல் இருக்க, அறைத் தரையில் ஒரு சதுரம் ஒட்டியிருந்தார்கள். சதுரத்தைத் தாண்டிக் காலை வைத்தால் படம் சாம்பலாகி எல்லாம் அப்படியே உறைந்துவிடும். பெல்ட் நிற்கும், யானை நிற்கும், ரத்தம்கூடப் பாதி வழியில் அந்தரத்தில் நிற்கும். கீழே மேடையில் கோடு போட்டு மிச்சமிருந்த மஞ்சள் பட்டையையே கொண்டுவந்து வாத்தியார் தன் கையால் ஒட்டியிருந்தார். மேடையில் நிற்பவனுக்கு இடது பக்கம், பெல்ட் வந்து கொட்டுகிற வாய்க்கு முன்னால், ஒரு மஞ்சள் கோடு உண்டு. தாண்டாதே என்று அர்த்தம். அறையிலும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் பட்டை வந்தது. அப்படி வந்தால் நிஜம் மாதிரி இருக்கும் என்று வாத்தியாரே அளந்து ஒட்டினார்.

புல்லட் பூட்டு மாட்டவில்லை. நேராகக் குனிந்தான், சிக்கிய அட்டையைக் கையால் பிடுங்கினான். யானை உறுமியது. அது வந்து சேர்வதற்குள் இடது பக்கம் ஒரே எட்டு. பட்டையைத் தாண்டினான். படம் உறைந்தது. நேரம் முடிந்தது. திரையில் எழுத்து வந்தது: பிழைத்தார்.

வாத்தியார் சிரித்துவிட்டார். "திருட்டுப் பயலே. எமனையே ஏமாத்தறியா?"

"எமன் மஞ்சக் கோட்டைத் தாண்ட மாட்டார் மாமா. அவருக்கு அங்க பர்மிட் இல்ல."

"பூட்டு எங்கடா?"

"பூட்டுப் போட்டா நாலு நிமிஷம். இதுல பதினோரு செகண்ட். நீங்களே பாருங்க, பிழைத்தார்னு போட்டிருக்கு. மெஷினே சொல்லுது."

அந்த எழுத்தை அழித்துவிட்டு மறுபடி ஆடச் சொல்லியிருக்கலாம். வாத்தியார் கை விசைப்பலகை வரைக்கும் போனது. முதலாளி சொன்னது ஞாபகம் வந்தது. கை திரும்பி வந்துவிட்டது.

ஒரு வாரத்தில் பன்னிரண்டு பேரும் அந்த எட்டைக் கற்றுக்கொண்டார்கள். பந்தயம் கட்டி ஆடினார்கள். பத்து செகண்ட், ஒன்பதரை செகண்ட். குனி, பிடுங்கு, இடது எட்டு. மூன்றாவது மாதத்தில் சாவே இல்லை. முதலாளி மாடிக்கு வந்து வாத்தியாரின் தோளைத் தட்டினார். டாக்டரம்மா எண்களைப் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "இவ்வளவு நல்ல முடிவு எங்கயும் வரலை. என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். "பசங்க கெட்டிக்காரங்க," என்றார் வாத்தியார்.

அது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அலறல் கேட்டது.

கீழே அட்டை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கவே இல்லை. "பேய் ரூம் ஆரம்பிச்சிடுச்சு," என்று ஒருவர் சிரித்தார். மாடியில் வாத்தியார் மட்டும் நாற்காலியில் உறைந்து போனார். அறையில் அவரைத் தவிர யாரும் இல்லை. பெட்டி மேசைமேல் கிடந்தது.

படிகளை எப்படி இறங்கினார் என்பது அவருக்கே தெரியாது. மேடையில் கொக்கு மல்லாந்து கிடந்தான். ஆறடி உயரத்து மனிதன், பாதியாகச் சுருண்டிருந்தான். வலது கை முழங்கையோடு இல்லை. அறுந்த இடத்திலிருந்து ரத்தம் நெஞ்சு துடிக்கிற கணக்கில் விட்டு விட்டு அடித்தது. அட்டைகளில், கைப்பிடிக் கம்பியில், வாத்தியாரின் முகத்தில். பெட்டிக்குள் காட்டுகிற ரத்தத்துக்கு வாசனை கிடையாது. இதற்கு இருந்தது. வாத்தியார் இடைவாரைக் கழற்றி மிச்சக் கையில் சுற்றி, முழங்காலை வைத்து இறுக்கினார். கொக்கு அவர் தோளைக் கடித்துவிட்டான். கடிக்கட்டும் என்று விட்டார்.

மெஷினை யாரோ நிறுத்துவதற்குள் யானை இன்னொரு நடை போய் வந்துவிட்டது. மறுமுனையில் கம்பி போட்டுக் கட்டிய அட்டைக் கட்டு ஒன்று வெளியே வந்தது. அதன் ஒரு மூலை சிவப்பாக ஊறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த லோடுமேன் அங்கேயே வாந்தி எடுத்தார்.

ஆம்புலன்சில் வாத்தியார்தான் கூடப் போனார். பாதி வழியில் கொக்கு கண் திறந்தான். உதடு சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"வாத்தியாரே, நான் கோட்டைத் தாண்டிட்டேனே."

"பேசாதே. படுத்துக்க."

"தாண்டிட்டேன். இடது பக்கம். கரெக்டாத் தாண்டினேன். ஏன் நிக்கல?"

வாத்தியாருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கொக்கு அட்டையைப் பிடுங்கியிருக்கிறான். யானை உறுமியதும் இடது பக்கம் எட்டு வைத்திருக்கிறான். அறையில் அந்தப் பக்கம் வெறும் தரை. கால் பட்டதும் உலகம் நிற்கும். மேடையில் அந்தப் பக்கம் ஓடுகிற பெல்ட். அது காலை வாரி, ஆளைத் தொட்டிக்குள் கொட்டியிருக்கிறது. உடம்பை எப்படியோ உருவிக்கொண்டான். கை மட்டும் பின்தங்கிவிட்டது.

யோசித்து வைத்த எட்டு இல்லை அது. யோசிக்க எங்கே நேரம்? இரண்டு மாதம் பழகிய கால், தானாகப் போனது. பழக்கியவர் வாத்தியார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றி, ஒன்றரை மணிக்குத்தான் கொக்குவை ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். வாத்தியார் சுவரோரம் நின்று சூப்பர்வைசருக்கு போன் போட்டார். எடுக்கவில்லை. புல்லட்டுக்குப் போட்டார். வேலை நேரத்தில் போனெல்லாம் பூட்டிய அலமாரியில் கிடக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. மனைவியைக் கூப்பிட்டார்.

"கேள்விப்பட்டேங்க. அந்த உயரமான தம்பி பிழைச்சிடுமா?" என்றாள் அவள். "என் தம்பி இப்பத்தான் சாப்பாட்டு இடைவேளையில பேசினான். நல்லாத்தான் இருக்கான்."

"எங்க நிக்கறானாம்?"

"ரெண்டு மணிக்கு மெஷினைத் திரும்ப ஓட்டறாங்களாம். கொக்கு இடத்துல இவனைப் போட்டிருக்காங்களாம். ஜாக்கிரதையா இருப்பேன், அக்கா பயப்படாதேன்னான். என்னங்க, லைன்ல இருக்கீங்களா?"

மணி ஒன்று நாற்பத்தைந்து.

டாக்சிக்காரர் அவருடைய சட்டையைப் பார்த்துவிட்டு ஏற்றமாட்டேன் என்றார். வாத்தியார் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார். "ஓட்டுங்க. இல்லைன்னா இதே ரத்தத்தை உங்க சீட்டு பூராவும் பூசிடுவேன்." ஓட்டினார்.

ஆலைக்குள் நுழையும்போது இரண்டு பத்து. பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரம் காயவில்லை. மேடைப்படிக்குக் கீழே சூப்பர்வைசர் காவல் மாதிரி நின்றிருந்தார். பின்னால் மேலே, முதுகைக் காட்டிக்கொண்டு, காதில் சத்தம் அடைக்கும் மூடியோடு புல்லட்.

"நிறுத்துங்க சார். அவன் இறங்கணும்."

"வெளியில மூணு லாரி நிக்குது வாத்தியாரே. கொக்கு பூட்டுப் போடாமக் கையை விட்டான், வாங்கிக்கிட்டான். எல்லாருக்கும் சொல்லியாச்சு. நீங்க போய்ச் சட்டையை மாத்துங்க."

"சொன்னா போதாது சார். அவனுங்க கால் கேக்காது. பன்னிரண்டு பேருக்கும் அதே கால்தான். நான்தான்…"

"கால் கேக்காதா? குடிச்சிருக்கீங்களா?"

மேலே பெல்ட்டின் சத்தம் மாறியது. பதினாறு வருடம் கேட்ட காது அவருடையது. அட்டை சிக்கிவிட்டது.

வாத்தியார் ஏறப் போனார். சூப்பர்வைசர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். வாத்தியார் தலையால் அவர் மூக்கில் மோதினார். மூக்குத்தண்டு நொறுங்கியது இவர் நெற்றிக்குத் தெரிந்தது. சூப்பர்வைசர் விழாமல் வாத்தியாரின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். வாத்தியார் மூன்று விரல் கையால் அவர் குரல்வளையைப் பற்றி, பின்மண்டையைக் கைப்பிடிக் கம்பியில் ஒருமுறை இடித்தார், இரண்டாம் முறை இடித்தார். பிடி தளர்ந்தது. அவர்மேல் மிதித்தே ஏறினார்.

மேடை நீளம், ஆனால் ஒடுக்கம். அகலத்தில் ஒருவர் நிற்கலாம், ஒருவர் ஒதுங்கலாம். சிவப்புப் பொத்தான் வலது பக்கத் தூணில், புல்லட்டுக்கு அப்பால் இருந்தது. புல்லட் சிவப்புப் பொத்தானை ஒருமுறை பார்த்ததை வாத்தியார் பார்த்தார். பையன் யோசித்தான். நிச்சயம் யோசித்தான். ஆனால் சிக்கியது ஒரே ஒரு அட்டை, கைக்கெட்டும் தூரம், ஒரு இழுப்பு. குனிந்தான். பிடுங்கினான்.

அட்டைக் குவியல் சரிந்து விழுந்தது. விளக்குக்கண் மறைந்தது. யானை உறுமியது.

"டேய்," என்று கத்தினார் வாத்தியார். காதடைத்தவனுக்கு எங்கே கேட்கும்? ஓடிப்போய்த் தோளைப் பிடிக்க நாலு எட்டு வேண்டும். அவனுக்குச் சாக ஒரு எட்டு போதும். புல்லட்டின் இடது கால் தரையை விட்டு எழும்புவதை அவர் பார்த்தார். அறையில் நூறு தடவை பார்த்துச் சிரித்த அதே எட்டு.

கைப்பிடியில் சாய்த்திருந்த குத்துக்கம்பி ஆறடி நீளம். எடுத்ததும் சுற்றியதும் ஒன்றுதான். இருக்கிற பலமெல்லாம் சேர்த்து அடித்தார். எழும்பிய காலின் முழங்காலுக்குக் கீழே கம்பி இறங்கியது. கரும்பு முறிகிற சத்தம். கால் ஒருபக்கமாக மடங்கி, மடங்கக்கூடாத இடத்தில் மடங்கி, புல்லட் வலது பக்கம் சுருண்டு விழுந்தான். தொட்டிக்குள் இல்லை. மேடையில்.

அவன் அலறினான், விழுந்த வேகத்தில் காது மூடி கழன்று ஓடியது. கால்சட்டையைக் கிழித்துக்கொண்டு எலும்பு எட்டிப் பார்த்தது.

"மாமா," என்றான். அவர் கையிலிருந்த கம்பியைப் பார்த்தான். "மாமா, எதுக்கு?"

பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து உதை விழுந்தது. சூப்பர்வைசரோடு இரண்டு லோடுமேன்கள் ஏறி வந்திருந்தார்கள். பார்த்தவர்களுக்கு என்ன தெரியும்? ரத்தச் சட்டையோடு வந்த மனிதன் மேலதிகாரியின் மூக்கை உடைத்தான், சொந்த மைத்துனன் காலை உடைத்தான். புத்தி பேதலித்துவிட்டது. அடிக்காமல் என்ன செய்வார்கள்? விலாவில் உதைத்தார்கள். ஒரு எலும்பு விட்டது, அடுத்ததும் விட்டது. கம்பியைப் பிடுங்கி எறிந்தார்கள். அது உருண்டு மஞ்சள் கோட்டைத் தாண்டி பெல்ட்டில் விழுந்தது. பெல்ட் அதைத் தொட்டிக்குள் கொட்டியது.

யானை வந்தது. கட்டைவிரல் பருமன் கம்பி, தொட்டி வாயின் வெட்டுவிளிம்பில் மாட்டி, மூங்கில் வெடிக்கிற மாதிரி இரண்டாகத் தெறித்தது. ஒரு துண்டு பறந்துபோய்க் கூரைத் தகட்டைத் துளைத்துக்கொண்டு நின்றது.

உதைத்துக்கொண்டிருந்த கால்கள் நின்றன. எல்லாரும் அந்தத் துண்டையே அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு லோடுமேன்களில் ஒருவர் மெதுவாக நகர்ந்து, தூணிலிருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கினார்.

ஐந்தாம் நாள். ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு. புல்லட்டின் இடது கால் தொடைவரை மாவுக்கட்டில் இருந்தது. வாத்தியார் நெஞ்சில் பட்டை சுற்றி, கதவோரம் நின்றார். அவர் உள்ளே வந்தால் இவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். ஐந்து நாளாக இதுதான். மனைவி இரண்டு பேருக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் புருஷனோடு பேசவில்லை. சாப்பாட்டை மட்டும் நீட்டினாள்.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போய்விட்டது. வேலை போய்விட்டது. அதைப் பற்றி வாத்தியார் கவலைப்படவில்லை. டாக்டரம்மாவுக்கு போன் போட்டு, பட்டையைத் தாண்டிய கதையை முதலிலிருந்து கடைசிவரை சொல்லியிருந்தார். கடைசி இரண்டு மாத எண்களும் பொய், தெரிந்தே விட்டது நான், என்று சொல்லியிருந்தார். இன்று அந்தப் பெண் பெட்டியோடு வார்டுக்கே வந்துவிட்டார்.

"கோட்டைத் தாண்டறதா? நானா?" என்றான் புல்லட் அவரிடம். "அட்டையைப் பிடுங்கினேன், தப்புதான். அப்புறம் பின்னாடி வர்றதுக்குள்ள இந்த மனுஷன் காலை உடைச்சுட்டார். காலையில அவ்வளவு ரத்தத்தைப் பாத்துட்டு அந்தப் பக்கம் போக நான் என்ன பைத்தியமா?"

"பின்னாடி வர்றதா இருந்தீங்களா? நிச்சயமாத் தெரியுமா?"

"என் கால் எனக்குத் தெரியாதா?"

"அப்போ ஒரே ஒரு தடவை இதை மாட்டிக்கிட்டுப் பாருங்க. படுத்தபடியே பாக்கலாம். வேண்டாம்னா வேண்டாம்."

"வேண்டாம்மா," என்றாள் அக்கா.

"கொடுங்க. ரத்தத்தோடயே போடுங்க," என்றான் புல்லட். "இவர் சொல்றது பொய்னு நானே காட்டறேன்."

தலையணையில் சாய்த்துப் பெட்டியை மாட்டினார்கள். கையில் பிடிகளைக் கொடுத்தார்கள். டாக்டரம்மா மடிக்கணினியில் ஓடவிட்டார். பக்கத்துக் கட்டிலில் கொக்கு, ஒற்றைக் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான்.

புல்லட்டின் கைகள் காற்றில் தாழ்ந்து எதையோ பிடித்தன, பிடுங்கின. அவன் தோள் விறைத்தது. அந்த விநாடியே மாவுக்கட்டுக்குள் இருந்த இடது கால், தொடையோடு சேர்ந்து, படுக்கையிலிருந்து எழும்பி இடது பக்கம் வெட்டியது. கட்டில் அதிர்ந்தது. அவன் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடிவந்தார். பெட்டியை அவனே பிய்த்து எறிந்தான். முகமெல்லாம் வேர்த்திருந்தது. உடைந்த எலும்பு உரசிய வலியில் பற்கள் கிட்டித்துப் போயின.

"நான் தூக்கலை," என்றான், வலி கொஞ்சம் அடங்கியதும். அக்காவைப் பார்த்தான். "அக்கா, சத்தியமா நான் தூக்கலை. அதுவாப் போச்சு."

அக்கா எழுந்து போய்ப் புருஷனின் கையைப் பிடித்து இழுத்து வந்து அந்த ஸ்டூலில் உட்காரவைத்தாள்.

"மறக்க எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார் வாத்தியார்.

"கத்துக்க எவ்வளவு நாள்னு நிறையப் பேர் அளந்திருக்காங்க," என்றார் டாக்டரம்மா. "மறக்க எவ்வளவுன்னு எனக்குத் தெரியலை. தெரிஞ்ச மாதிரி பேசினா அது பொய்."

புல்லட் சுவரைப் பார்க்கவில்லை. ஐந்து நாளில் முதல் தடவையாக வாத்தியாரின் முகத்தைப் பார்த்தான். அவர் உதடு கிழிந்திருப்பதை இப்போதுதான் கவனித்தவன் போலக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"மாமா, மெஷின் எப்ப ஓடுது?"

"திங்கக்கிழமை. பூட்டு விஷயத்தை நல்லாச் சொல்லிட்டா போதும்னு முதலாளி திறக்கச் சொல்லிட்டாராம்."

"நானும் கொக்கும் போக இன்னும் பத்துப் பேர் இருக்காங்களே."

"கேட்டுக்குள்ள என்னை விடமாட்டாங்க. வீடு வீடாப் போகணும். நாலு பேர் வீடுதான் எனக்குத் தெரியும்."

"பேனா எடுங்க," என்றான் புல்லட். கொக்கு கட்டிலிலிருந்து எட்டி, முதல் வீட்டுக்கு வழி சொல்ல ஆரம்பித்துவிட்டான்.